தொடாதே

பழையது, வவுனியாவில் ஒரு வங்கி கழித்துவிட்ட பெட்டி.
பின்பக்கத்தில் "கவுண்டர் 3" என்ற வெள்ளைத் துண்டு
உரிக்க உரிக்க வராமல் ஒட்டிக் கிடந்தது.
ஒற்றைக் கோர்.
அப்போது அப்படி யாரும் சொல்லவில்லை.
இரண்டு வந்த பிறகுதானே
ஒன்றுக்கு ஒற்றை என்று பேர்.

மாங்குளம் சந்தி, தகரக் கூரை.
கலியாண வீடியோ வட்டில் இறங்கும் நேரம் முழுக்க
மவுசில் கை படக் கூடாது.
பட்டால் வட்டுப் பாழ், முப்பத்தைந்து ரூபா.
மணவறையில் மாப்பிள்ளை
தாலியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிடுவார்.
காட்போட் மட்டையில் "தொடாதே" என்றெழுதி
விசைப்பலகையை மூடிவைப்பேன்.
என் மகன் "தொ" எழுதப் பழகியது
அதைப் பார்த்துத்தான்.

அந்நேரம்
வீட்டுத்திட்டப் படிவம்,
கிராம சேவகருக்குக் கடிதம்,
பென்ட்ரைவில் வைரசோடு வந்த தவணைப் பரீட்சை வினாத்தாள்
எல்லாம் வாங்கில் குந்தியிருக்கும்.
அவர்கள் வெயிலைப் பார்ப்பார்கள்.
நான் சதவீதத்தைப் பார்ப்பேன்.
61.
61.
61.
62.

புதியதை நிக்சன் கொண்டுவந்தான்,
மோட்டார் சைக்கிள் டாங்கியில் வைத்து,
கண்டி றோட்டுப் புழுதி முழுக்க அதன் மேல்.
மலிவான செலரோன்தான். ஆனால் உள்ளே இரண்டு.
"அப்ப ரெண்டு மடங்கு வேகமோ?"
"இல்லையக்கா. சமையல்காரர் ரெண்டு பேர்,
அடுப்பும் ரெண்டு.
சட்டி ஒண்டுதான். அதுவும் சின்னச் சட்டி.
இந்த விலைக்கு அவ்வளவுதான்."
லோன் கொப்பியில் கையெழுத்து வைத்தேன்,
மாதம் இரண்டாயிரத்து நூறு, பதினெட்டு மாதம்.

டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினான்.
கறுப்புச் சதுரம் இரண்டு, பச்சைக் கோடு இரண்டு.
ஒன்று ஏறி இறங்கியது.
மற்றது தரையோடு படுத்துக் கிடந்தது.
நான் தமிழ் அடிக்கும் பழைய மென்பொருளுக்கு
இன்னொரு ஆள் வந்திருப்பதே தெரியாதாம்.
"இனி மட்டையை எறியுங்கோ" என்றான்.
எறியவில்லை. நல்ல காட்போட்.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த வாரம்
ஒலுமடுவிலிருந்து பவளராணி வந்தா,
பொலித்தீன் பையில் சுற்றிய பத்திரங்களோடு.
வட்டு இறங்கிக்கொண்டிருந்தது.
பழக்கத்தில் வாங்கைக் காட்டினேன்.
பிறகு நினைவு வந்து
மட்டையை எடுத்துவிட்டுக் கேட்டேன், சொல்லுங்கோ.

ஐயா, எனது கணவர்.
பெயர்.
அடையாள அட்டை இலக்கம், அதை மனப்பாடமாகச் சொன்னா.
கடைசியாகக் கண்ட இடம்

திரையின் மூலையில், தீப்பெட்டியளவு சன்னலில்
கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது.
பாயச வாளியோடு ஒருத்தி பந்திக்குள் போகிறாள்.
யாரோ என்னவோ சொல்ல
வாளியைக் கீழே வைத்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அது நானெல்லோ."

சன்னலை மூடப் போனேன்.
"ஏன் மூடுறீர், ஓடட்டும்.
என்ர பெறாமகளின்ர கலியாணம்."
கொஞ்ச நேரம் பார்த்தா.
"கடைசியாகக் கண்ட இடம், அடிச்சிட்டீரோ?"

அடித்திருந்தேன். அதற்குப் பக்கத்தில்
கோடொன்று நின்று துடித்துக்கொண்டிருந்தது.
அவ சொன்ன இடத்தை அடித்தேன்.
இரண்டு தரம் பிழைவிட்டேன்.
பெட்டி ஒன்றுக்கும் நிற்கவில்லை.
ஒரு சதுரத்தில் கோடு உச்சியில்,
மற்றதில் எழுத்துக்கு எழுத்து ஒரு சின்னத் துள்ளல்.
ஒரு கடிதத்துக்கு
அதற்கு அவ்வளவு போதும்.

மூன்று பிரதி கேட்டா. ஒவ்வொன்றிலும்
ஒரே இடத்தில் கையெழுத்து வைத்தா.
"வட்டு எனக்கும் ஒண்டு போடும்,
சேர்த்துக் காசைப் பிடியும்.
பஸ் வரப்போகுது."

கொப்பியில் ஒரே வரியில் எழுதிக்கொண்டேன்:
பவளராணி. கடிதம் 1, கலியாணம் 1.
நூற்றைம்பது.